லோசலினியின் மழித்த தலை

கடைசியாக நாங்கள் சேர்ந்து செய்த வேலை, ஞாயிறு மதியம் அம்மா லோசலினியின் தலையில் முடி கொட்டிய திட்டுகளை அளந்தது. நான் குடிநீர் வாரியத்தில் பம்பு பழுது பார்ப்பவள். அளவுகோல் எப்போதும் பையில் இருக்கும். தலையைத் தொடுமுன் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வழக்கத்தில் பெற்ற மகளானாலும் கேட்டாக வேண்டும். இடது காதுக்கு மேலே நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். பின்னந்தலையில் முப்பது.

"போன மாசம்?"

"பின்னாடி முப்பத்தஞ்சு. சுருங்கியிருக்கும்மா."

"மகளப் பெத்தேன்னு நெனச்சேன். மேஸ்திரியப் பெத்திருக்கேன்."

செவ்வாய்க்கிழமை நவுசோரி சந்தையில், விற்கக் கொண்டுபோன சேப்பங்கிழங்குக் கட்டைத் தூக்கக் குனிந்த அம்மா நிமிரவில்லை. மூளையில் ரத்தக் கசிவு. வயது ஐம்பத்தாறு. தலைமுடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; மருத்துவரிடம் கேட்டுவிட்டேன்.

முடி கொட்டத் தொடங்கி நான்கு வருடம். முதலில் காசளவு, பிறகு உள்ளங்கை அளவு. சந்தையில் துணி கட்டிக்கொண்டாள். பிறந்த ஊரில் அது நடக்காது. ஊர் எல்லைக்குள் யாரும் தலையை மூடக்கூடாது. மூடினால் ஊர்த் தலைவரை மதிக்கவில்லை என்று பொருள். அதனால் ஊருக்குப் போவதையே நிறுத்தினாள். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முழங்கால் வலி. இன்னொன்றுக்குப் பேருந்து கிடைக்கவில்லை என்று சாக்கு.

எண்ணெய், இலைச்சாறு எல்லாம் பார்த்த பிறகுதான் சுவா நகரில் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். உடம்பின் காவல்காரர்களே முடியின் வேரை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறார்கள் என்றார் அவர். மாதம் ஒருமுறை தலையில் ஊசி. வளரலாம், வளராமலும் போகலாம்.

ஊசி போட்டவள் நர்ஸ் வசிதி. அவள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் கேலி முறை. எது சொன்னாலும் கோபிக்கக் கூடாது. முறைப்படி மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தலையைத் தொட்டாள்.

"உங்க ஊர்க்காரங்க தலையில புத்தி நிக்காதுன்னு தெரியும். முடியுமா நிக்காது?"

"உங்க ஊர்க்காரி கை பட்டுச்சுல்ல, மிச்சமும் ஓடிரும்."

முடி கொட்டிய பிறகு அம்மா அன்றுதான் சத்தமாகச் சிரித்தாள். அப்புறம் ஊசி இல்லாத புதன்கிழமைகளிலும் போனாள். வெளியே பெஞ்சில் இதே குறையோடு ஐந்தாறு பேர் உட்காருவார்கள். யாருக்கு எங்கே முளைத்தது, யாருடைய கணவன் என்ன சொன்னான் என்று பேச்சு ஓடும். மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டு போவாள்.

போன மாதம் மாமா அமினியாசியின் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணுக்கான சீர்ப் பாய்களை அவளுடைய அத்தையான அம்மாதான் முன்னால் நடந்து கொண்டுபோக வேண்டும். மாமா போனில் சொன்னார்: "நீ வரலைன்னா பாய் வீட்டுலயே கெடக்கட்டும்."

மூன்றாம் நாள் அம்மா என்னிடம் சவரக் கத்தியை நீட்டினாள்.

"முழுசா எடுத்துரு. பாதி இருந்தாத்தான் கேப்பாங்க. ஒண்ணுமே இல்லைன்னா என்னத்தக் கேக்குறது?"

எங்கள் ஊரில் ஒரு பெண் எதற்காகத் தலையை மழிப்பாள் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், தலையில் துணி இல்லாமல் ஊருக்குள் பத்தடி நடந்தாள். மாமாவின் மனைவி மெரேசேயினி பார்த்தாள். கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு ஒப்பாரி வைத்தாள். நிமிடத்தில் தெருவே கூடியது. மழித்த தலை என்றால் சாவுத் துக்கம்; அப்பா கூட வராததைக் கண்டு, செத்துப்போனது அவர்தான் என்று முடிவுகட்டினார்கள். அம்மா வாயைத் திறக்குமுன் துக்கம் கேட்கக் கொடுக்கும் பாய்கள் நான்கு அவள் காலடியில் விழுந்தன.

அடுத்த பேருந்தில் கிழங்கு மூட்டையோடு அப்பா வந்து இறங்கினார். அழுகைச் சத்தம் கேட்டு மூட்டையை இறக்கி வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு போனது?"

"நீதான்யா," என்றார் மாமா.

கொடுத்த துக்கப் பாயைத் திருப்பி வாங்கும் வழக்கம் இல்லை.

"முடி செத்துப்போச்சு. அதுக்குக் காரியம் பண்ணிட்டீங்க," என்றாள் அம்மா. "பாய் எனக்கு. சோறு எல்லாருக்கும்."

மறுநாள் மழித்த தலையோடு கல்யாணப் பாய்களுக்கு முன்னால் நடந்தாள். குனியவில்லை. நான் பின்னால் நடந்தேன், தெரியும்.

அன்று மாலை, பள்ளிக்கூட ஆசிரியை சுலுவேதி சமையல் கொட்டகைக்கு வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் கொண்டையை விலக்கினாள். கொட்டாங்கச்சி அளவு வழுக்கை.

"வீட்டுக்காரருக்கே தெரியாதுக்கா."

"தனியாப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிச் சீட்டு நான் வாங்கி வைக்கிறேன். நவுசோரியில எறங்கு, அங்கருந்து நான் கூட வரேன். ஊசி வலிச்சா என் கையக் கிள்ளு."

சீட்டை அம்மா வாங்கி வைத்திருந்தாள். சந்தையிலிருந்து திரும்பி வந்த அவள் கூடையில், கிழங்குக் கத்திக்குக் கீழே கிடைத்தது. சுலுவேதியின் பெயர். அவள் விழுந்த மறுநாள், புதன், காலை ஒன்பது மணி. நான் அதைப் படித்தது வெள்ளிக்கிழமை.