தண்ணீரில் போட்ட கல்

எங்கள் வாப்பா செங்கல் சூளை வைத்திருந்தவர். யட்டவத்தைப் பக்கம் பாதி வீடுகள் அவர் சுட்ட கல்லில் எழும்பியவைதான். அப்படிப்பட்டவர், என் மூத்த சகோதரியான ராத்தாவுக்குச் சீதன வீடு கட்டும்போது மட்டும் சுடாத கல்லில்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சூளைக்கு விறகு வெட்டி வெட்டியே எங்கள் வளவுக்குப் பின்னாலிருந்த மேடு மொட்டையாகிவிட்டது. கிணறும் வற்றத் தொடங்கியிருந்தது. அதற்குத் தானே காரணம் என்ற நினைப்பு அவரை அரித்தது.

மாத்தளை டவுனில் நடந்த ஏதோ வகுப்புக்கு மூன்று நாள் போய்வந்தார். மண்ணோடு கொஞ்சம் சீமெந்து கலந்து, இரும்பு அச்சில் அழுத்தி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் போதும், நெருப்பே வேண்டாம், இனி உலகமே இப்படித்தான் வீடு கட்டும் என்றார். உலகத்தைப் பற்றி உம்மாவுக்குக் கவலையில்லை. வரப்போகும் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதுதான் கவலை.

வீடு எழும்பியது. சுவரில் மழை அடிக்காதபடி கூரையை நன்றாக வெளியே இறக்கியிருந்தார். கொளுத்தும் பகலிலும் உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ராத்தா தன் கையாலேயே ஜன்னல்களுக்குத் திரை தைத்துப் போட்டாள்.

எண்பதுகளின் கடைசி, நாட்டில் கிளர்ச்சி நடந்த காலம் அது. நாளுக்கொரு ஊரடங்கு, ஆற்றில் பிணம் மிதந்த கதைகள். கல்யாணமாகாத குமரை வீட்டில் வைத்துக்கொண்டு உம்மா தூக்கமில்லாமல் இருந்தார். ஊரடங்கு தளர்ந்த ஒரு பகலில் கலேவெலயிலிருந்து ராத்தாவைப் பெண் பார்க்க அந்தப் புது வீட்டுக்கு வந்தார்கள். பையனுக்குச் சொந்தக் கடை. திரைக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்துவிட்டு ராத்தா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

பையனின் உம்மா சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

“இது மண்தானே? மழைக்குக் கரையாதா?”

வாப்பா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். எட்டு வயது, வாய் நீளம்.

“தண்ணிக்குள்ளே போட்டாலும் கரையாது மாமி! இருங்க, காட்டுறேன்.”

பின்பக்கம் ஓடி, கைக்கெட்டிய அரைக்கல் ஒன்றைத் தூக்கிவந்தேன். விருந்தாளிகள் கை கழுவ வைத்திருந்த பேசினில் தண்ணீர் ஊற்றி, எல்லோருக்கும் நடுவில் வைத்து அதைப் போட்டேன். அது அச்சைச் சோதிக்க வாப்பா சீமெந்தே போடாமல் அழுத்திப் பார்த்துக் கழித்த கல் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கல் விளிம்பிலிருந்து உதிர்ந்து, குழைந்து, சேறாகிவிட்டது.

“அது சீமெந்து போடாத கல்லு. இந்தச் சுவர் அப்படியில்லங்க, நம்புங்க,” என்றார் வாப்பா. பையனின் உம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதை முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. இன்று ராத்தாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து படம் பிடித்து, வருங்காலத்து வீடு என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் அவள்தான். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று கலேவெலக்காரர்கள் எழுந்து போனபின், வாப்பா வீடு கட்டி மிஞ்சிய கற்களில் ஒன்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுவைத்தார். மறுநாள் காலையில் அதை வெளியே எடுத்தார். ஓரம்கூட மழுங்காமல் முழுசாக இருந்தது. உம்மாவையும் ராத்தாவையும் கூப்பிட்டார். இருவரும் வரவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பார்த்துக் கைதட்டினேன்.

“கரையல்ல வாப்பா! வாங்க, கலேவெலக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம். அவங்க திரும்பி வருவாங்க.”

வாப்பா அந்த ஈரக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கல்தான் கரையவில்லையே, பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.