ஆர்ட்வார்க்குன்னா என்ன சார்?

கோட்டையூரில் காரைக்குடி டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் களை எடுத்துவிட்டு வந்த ஓர் அம்மாவும், பள்ளிச் சீருடையில் அவருடைய மகளும். என் கையிலிருக்கும் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்கிறார்.

"சார், ஆர்ட்வார்க்குன்னா என்ன? வாத்தியாரு இவள அப்படித்தான் கூப்புடுறாகளாம்."

"டிக்‌ஷனரில மொதப் பக்கத்துலயே வருமாம்," என்கிறாள் மகள் பெருமையாக.

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாத்தியார் மேல் வருகிற கோபம் என்னை விடவில்லை.

"ஆப்பிரிக்காவுல மண்ணைத் தோண்டிக் கறையான் திங்கிற மிருகம்மா. அங்க குடியேறின டச்சுக்காரங்களோட ஆப்பிரிக்கான்ஸ் மொழியில இருந்து வந்த பேரு. மண்ணுப்பன்னின்னு அர்த்தம்."

பெண்ணின் முகம் சுருங்குகிறது. "ஆனா அது பன்னி இனமே இல்ல," என்று அவசரமாகச் சேர்க்கிறேன்.

"என்ன இனமா வேணா இருக்கட்டும் சார். நாங்க மண்ணுல வேலை பாக்குறோம்னுதான எம்புள்ளைக்கு இந்தப் பேரு?"

பஸ் வருகிறது. அவர் ஏறாமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடக்கிறார். நானும் பின்னாலேயே போகிறேன்.

வாசலில் பைக்கை எடுக்கும் வாத்தியார் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். "சும்மா செல்லமாக் கூப்புட்டேம்மா."

"ஒங்க புள்ளையவும் மண்ணுப்பன்னின்னு செல்லமாக் கூப்புடுவீகளா?"

சிரிப்பு நின்றுவிடுகிறது.

"இவ பேரு பாண்டிமீனா. அதச் சொல்லிக் கூப்புடுங்க."

வாத்தியார் என்னைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார். பிறகு மெல்ல, "பாண்டிமீனா," என்கிறார்.

அவள் தலைநிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்கிறாள்.

"உள்ளேன் ஐயா!"