அதே இடத்துக் கட்டி

குளிர்காலம் வந்தால் என் கணவருக்கு இடது தோளுக்குக் கீழே, அதே இடத்தில் கட்டி வரும். உடம்புச் சூடு என்று நான் கோழிக்கறியை நிறுத்திவிடுவேன். டாக்டரிடம் போகச் சொன்னால், "சின்ன வயசில மாமரத்தால விழுந்த காயம், அதை விடும்" என்பார். கலியாணம் கட்டின நாளிலிருந்து அதை நம்பினேன்.

போன தை மாதமும், நாடுவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் செவன் கிங்ஸ் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இவரைக் கதிரையில் இருத்தி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துச் சூடாக வைத்துக் கட்டினேன். பின்னேரம் துணியை அவிழ்த்தால் கட்டி உடைந்திருந்தது. துடைக்கத் துடைக்க, சீழோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்து கிண்ணத்தில் 'டிங்' என்று விழுந்தது. நெல்மணி அளவு இரும்பு.

"மாமரத்தில இரும்பு ஏதப்பா?" என்று கத்திவிட்டேன்.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நாட்டில நடந்த கடைசிச் சண்டையில என்ர தம்பியை முதுகில தூக்கிக்கொண்டு ஓடினனான். ஷெல் துண்டு அவனைத் துளைச்சுத்தான் எனக்குள்ள வந்தது."

ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்து தைத்தார்கள். அதற்குப் பிறகு கட்டி வரவில்லை. ஆனாலும் டிவி பார்க்கும்போது இவருடைய கை அந்த இடத்தைத் தடவித் தேடுகிறது.

தம்பியின் படம் ஒன்றுகூட இவரிடம் இல்லை. அந்தத் துண்டைக் கழுவிச் சாமித்தட்டில் வைத்திருக்கிறார். விளக்கேற்றும்போதெல்லாம், அந்தப் பிள்ளையைக் கொன்ற இரும்புக்கு முன்னால்தான் நான் கைகூப்பி நிற்கிறேன்.