கஸ்தூரி அக்காவுக்காக நான் எடுத்த சர்வர்

கஸ்தூரி அக்காவின் தம்பியைப் பற்றி வந்த ஒரே தகவலை அழித்தவன் நான். அதை மறைத்து அவரிடம் பொய்யும் சொன்னேன்.

அப்போது காட்டாங்குளத்தூரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இரும்புலியூரில் அறை. சிறு கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பேன். எங்கள் தெருவில் மீன் விற்கும் கஸ்தூரி அக்கா ஒருநாள் புகைப்படத்தோடு வந்து நின்றார்.

"என் தம்பி வூட்ட வுட்டுப் போயி மாசக்கணக்காவுது. நெட்டுல போட்டா ஊரே பாக்குமாமே... போட்டுக் குடுப்பியா?"

அவருக்கு வேண்டியது என்ன? ஒரு படம், ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண். யார் திறந்தாலும் மாறாமல் நிற்கும் ஸ்டாடிக் பக்கம்! பக்கங்களுக்கு இணையத்தில் இடம் தரும் எந்த இலவச ஹோஸ்டிங்கிலும் பத்திரமாக இருந்திருக்கும்.

எனக்கோ வேறு அரிப்பு... 'கிளவுட்' என்ற சொல் அப்போதுதான் காதில் விழத் தொடங்கியிருந்தது. கடல்கடந்து எங்கோ இருக்கும் கணினியை, அதாவது சர்வரை, வாடகைக்கு எடுத்து இங்கிருந்தே இயக்கலாமாம்! எப்படி? தெரிந்தே ஆகவேண்டும்! அதற்காகவே, பார்த்தவர்கள் செய்தி எழுதும் பெட்டியோடு டைனமிக் தளமாக்கினேன். பெட்டி வேலை செய்வதைப் பார்க்கும் ஆவலில் தொலைபேசி எண்ணைக்கூடப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன்!

சர்வரை நிறுத்தினால் அதில் சேர்ந்தவை அழியும் என்ற எச்சரிக்கையைப் படித்தேனா? படித்தேன்... பாதி.

ஒரு மாலை முதல் செய்தி வந்திருந்தது. செய்திப் பட்டியலில் அதன் தொடக்கம் மட்டும் தெரிந்தது: "இவரை நான் பார்த்தேன்..."

உடனே திறந்திருக்க வேண்டாமா? நானோ சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பிப் பார்க்கும் சோதனையில் இருந்தேன். முதலில் சோதனை, பிறகு செய்தி என்று பொத்தானை அழுத்தினேன்.

சர்வர் எழுந்தது. வெறுமையாக!

எங்கே பார்த்தார்? எப்போது? எழுதியவர் யார்? இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்...

மறுநாள் அக்கா வந்தார். "இன்னா தம்பி, எவனாச்சும் எதுனா எழுதிகீறானா?"

"இல்லக்கா."

"சரி, நீ இன்னா பண்ணுவ..." என்று வஞ்சிரத்தில் இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பொரித்துத் தின்றேன்!

பக்கத்தை ஸ்டாடிக்காக மாற்றி, எண்ணோடு மறுபடி ஏற்றினேன். யாரும் அழைக்கவில்லை.

சில வருடம் கழித்து அக்கா சொன்னார்: "அவனுக்குக் காரியம் பண்ணிட்டோம் தம்பி. அந்தப் படத்த எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அழிந்துபோன செய்தியைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

அவன் இறந்துவிட்டான் என்று அவரிடம் யார் சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? யாரும் சொல்லவில்லை. எவரும் அவனைப் பார்க்கவில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன்...