அடியில் ஓட்டை வைக்காத விமானம்

யுத்தம் முடிந்து, வானத்தில் இரைச்சல் கேட்டால் யாரும் பதுங்காத காலம் வந்த பிறகுதான் நான் விமானம் கட்டத் தொடங்கினேன். முன்பே தொடங்கியிருந்தால் இதை வேறு எங்காவது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஒற்றை இருக்கை, மரச்சட்டம், துணிப்போர்வை. வரைபடம் தபாலில் வந்தது. முந்தல் ஊருக்குப் பக்கத்தில், கடல்நீர் தேங்கும் களப்பின் கரையில், நோய் விழுந்து கைவிடப்பட்ட இறால் பண்ணையின் காய்ந்த தரைதான் ஓடுபாதை. புத்தகத்தில் வாசித்தால் எதுவும் கைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை நரை விழுந்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

என் எஞ்சின் தண்ணீரால் குளிர்வதல்ல, காற்றால் குளிர்வது. மூக்கிலுள்ள இரண்டு துளைகளால் காற்று நுழைந்து, கொதிக்கும் சிலிண்டர்களைத் தடவிக்கொண்டு அடிப்பக்க வாயால் வெளியேற வேண்டும். சூடான காற்று விரியும். ஆகவே வெளியேறும் வாய் தாராளமாக இருக்க வேண்டும். இதை மூன்று புத்தகங்களில் வாசித்து, மூன்றிலும் அடிக்கோடு இட்டிருந்தேன்.

எஞ்சினை மூடும் கவசத்தைச் செய்ய, குறிஞ்சிப்பிட்டியில் பைபர் படகு செய்யும் ஒருவரைப் பிடித்தேன். கவசம் மினுங்கிக்கொண்டு வந்தது. அடியில் மட்டும், நான் கேட்ட வாய்க்குப் பதிலாக, தபால்பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு கீறல்.

"தம்பி, இதைவிட மூணு மடங்கு பெருசா எல்லோ கேட்டேன்?"

"நானா" என்று என்னை அண்ணனாக்கிக்கொண்டு தொடங்கினார். "அடியில ஓட்டை வச்ச சாமான் என்ட பட்டறையால வெளிய போனா ஊர்ல என்ன கதைப்பாங்க? இதயும் ஒங்கட மொகத்துக்காகத்தான் வச்ச."

"இது பறக்கிற சாமான். மெதக்கிறதில்ல."

"களப்புல விழுந்தா?"

மூன்று புத்தகங்களிலும் அதற்குப் பதில் இல்லை. கவசத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூட்டி ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் குளிர்ந்துதான் இருந்தது. ஒவ்வொரு மாலையும் விமானத்தைக் களப்பின் பக்கம் திருப்பி நிறுத்தி ஓட்டினேன். வெப்பமானியின் முள் பச்சையைவிட்டு அசையவில்லை. புத்தகம் எழுதியவர்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன். அது களப்பிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம், நின்றால் இடுப்பில் உடுத்த சாரம் தலைக்கு ஏறும் காற்று, அதுதான் மூக்குக்குள் புகுந்து என் எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்த நாளில் காற்று இல்லை. தென்னோலை ஒன்றுகூட அசையவில்லை. முழு வேகத்தில் ஐந்து நிமிடம் எஞ்சின் சூடாகாமல் ஓடினால் பறக்க அனுமதி. இல்லாவிட்டால் கோப்பு திரும்பக் கொழும்புக்குப் போய்விடும். முதல்முறை அங்கிருந்து அது வெளியே வர எடுத்தது ஒன்றரை வருடம்.

இருக்கையில் நான். பக்கவாட்டில், மூக்கு விசிறியிலிருந்து தள்ளிப் பரிசோதகர், காதைப் பொத்திக்கொண்டு. வெப்பமானி எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாம் நிமிடம் முள் மஞ்சளில். மூன்றாம் நிமிடம் சிவப்பைத் தொட்டது. அவர் என்னைப் பார்த்து, முள் எப்படி என்று புருவத்தை உயர்த்தினார்.

நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வாழ்க்கையில் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டவன். சொன்ன ஒன்றையும் அரை நிமிடம் காப்பாற்ற முடியவில்லை. பரிசோதகரின் கண்ணுக்கு முன்னால் கவசத்தின் வெள்ளைப் பெயின்ற் அப்பம்போலக் கொப்பளித்து எழும்பியது. எஞ்சினை நிறுத்தினேன்.

"முள்ளு எதில நிண்டது?" என்றார்.

"சிவப்பில, சேர்."

"எப்ப இருந்து?"

"நீங்க கேக்க முதலே."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து அடிப்பக்கத்துக் கீறலைப் பார்த்தார். அதற்குள் இரண்டு விரலை விட்டும் பார்த்தார். பிறகு காரின் பொனட்டில் வைத்து அறிக்கையை எழுதி ஒரு பிரதியை என் கையில் தந்தார். அனுமதி இல்லை. குறைகள் இரண்டு: ஒன்று, காற்று வெளியேறும் வழி போதாது, இரண்டு, விமானி தரும் அளவுகளை நம்ப முடியாது.

முதலாவதைப் படகுக்காரரே வந்து அரை மணித்தியாலத்தில் வெட்டித் தந்தார், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழியை என்னிடம் வாங்கிக்கொண்டு. இரண்டாவதற்கான பரிகாரம் கடிதத்தில் வந்தது: மறுபரிசோதனையின்போது இருக்கையில் பரிசோதகரே அமர்ந்து வெப்பமானியை வாசிப்பார். மனிதர் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. இப்போது இருக்கையை அகலமாக்கிக்கொண்டிருக்கிறேன்.