அரபியில் வந்த அறிவிப்பு

பங்குச் சந்தைக்கு இதயம் கிடையாது என்று யாராவது தத்துவம் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதயம் கிடக்கட்டும், அதற்குக் காது ரொம்பக் கூர்மை. எங்கள் பிழைப்பில் மண் விழப்போகிற சேதி எங்களுக்கு முன்னால் அதற்குத்தான் எட்டியது.

ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஆலை. நான் லாரிகளில் சரக்கு ஏற்றும் பகுதியில் இருந்தேன். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், கில்ன் என்கிற பெரிய சூளையில் ஃபோர்மேன். அங்கேயே பிறந்து வளர்ந்த அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பொதுத்தேர்வு முடிகிறவரை அத்தானுக்கு வேலை இருக்க வேண்டும், குடும்பத்துக்கு விசா இருக்க வேண்டும். அக்காவுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

கம்பெனியின் பங்குகளை அத்தான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வைத்திருந்தார். செய்தியெல்லாம் படிக்க மாட்டார். கில்ன் ஓடுகிறதா, வாங்கு. அவ்வளவுதான் அவர் ஆராய்ச்சி.

"நெருப்புக்குப் பக்கத்துல நிக்கது நான். துபாய்ல ஏசியில ஒக்காந்திருக்கவனுக்கு என்னலே தெரியும்?" என்பார்.

கில்ன்கள் ராப்பகலாக ஓடிய ஒரு காலாண்டில் கம்பெனி நஷ்டக் கணக்கு வெளியிட்டது, விலை சரிந்தது. மனுஷன் அசரவில்லை. இன்னும் வாங்கினார்.

அன்று சந்தை திறந்ததும் எங்கள் பங்கு எகிறியது. சந்தையின் இணையதளத்தில் கம்பெனி ஓர் அறிவிப்புப் போட்டிருந்தது, அரபியில். ஆங்கிலப் பிரதி பிறகுதான் வரும். இத்தனை வருடம் வளைகுடாவில் குப்பை கொட்டியும் எங்களுக்குத் தெரிந்த அரபி யல்லா, கலாஸ், மாஃபி. அதாவது கிளம்பு, முடிந்தது, இல்லை.

"என்ன போட்டிருக்குன்னு யார்ட்டயாவது கேப்போமா அத்தான்?"

"ஏறினது போதாதாலே மாப்ளே? எதுக்கு ஏறுச்சின்னு வேற கேக்கணுமாக்கும்!"

கேன்டீனில் எல்லோருக்கும் சமோசாவும் கரக் டீயும் அவர் செலவு. பாகிஸ்தான் டிரைவர்கள் "முபாரக் பாய்" என்று வாழ்த்தித் தோளில் தட்டினார்கள்.

மதியம் ஆங்கிலப் பிரதி வந்தது. நான்தான் படித்தேன். பழைய கில்னை நிரந்தரமாக நிறுத்துகிறார்கள், அதனால் ஆட்செலவு வெகுவாகக் குறையும், லாபம் கூடும். அடப் பாவிகளா! பழைய கில்ன் அத்தானுடையது. ஆட்செலவு என்று எழுதியிருந்தது அத்தானைத்தான். அபுதாபியிலும் துபாயிலும் அதைப் படித்துவிட்டுப் போட்டிபோட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் சமோசா தின்றுகொண்டிருந்தோம்.

அத்தானும் நானும் ஹெச்.ஆர். அறைக்கு ஓடினோம். அங்கிருந்த ஆள் ஹிந்தியில் ரொம்பப் பதவிசாகப் பேசினான். சந்தைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டுமாம், சட்டமாம், அதற்கு முன் எங்களிடம் வாய் திறக்கக் கூடாதாம். மேஜையோடு அவனைக் கவிழ்த்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம். அத்தான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளின் பரீட்சை வரைக்குமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று தெரிந்த ஹிந்தியில் கெஞ்சினார்.

"கலாஸ், பாய்" என்றான் அவன்.

தேர்வுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. வேலை போனபின் குடும்ப விசா அதுவரை தாங்காது. நான் இருந்ததோ ஆண்கள் மட்டும் தங்கும் கேம்ப், அவளை என்னோடு வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஊரில் சொந்தக்காரர்கள் ஏறி இறங்கிய பள்ளிகளெல்லாம் நடுவருடத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்று கையை விரித்துவிட்டன. ஒரு வருடப் படிப்பு போச்சு. அத்தான் பங்குகளை விற்றார். நல்ல விலைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டிக்கெட்டுக்கும் சாமான் அனுப்பவும் சரியாகப் போயிற்று.

விமான நிலையத்தில் அத்தான் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"மாமா, டாடியை வேலைல வச்சிருந்தா, ஷேர் இறங்கியிருக்குமா?"

இறங்கியிருக்கும். நான் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு, "வா, டாடிக்குப் பெட்டி தூக்கிக் குடு" என்றேன்.