கிடங்குச் சுவரின் இரண்டு படங்கள்

“மச்சான், இந்த ரெண்டு சுவர்ல எது முன்னாடி எடுத்தது?” 2009 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை என்று நான் தலைப்பிட்ட குறிப்பேட்டுப் பக்கத்தின் ஓரத்தில் இந்தக் கேள்வி பென்சிலில் இருக்கிறது. மொழி தமிழ், எழுத்து மலையாளம். என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று அழைத்தவர், அப்படித்தான் எழுதுவார். மட்டாஞ்சேரியில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போன எங்கள் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கும் பேச்சு ஒரு மொழி, எழுத்து வேறு. கேள்விக்குக் கீழே நீல மையில் என் பதில்: “அகல விரிசல் முன்னது, மெல்லியது பின்னது. தேதி பார்த்துச் சரிபார்க்கப்பட்டது.” அந்தப் பதில் தவறு. அது எப்படித் தவறாயிற்று என்பதையும், அதனால் நான்கு நாட்கள் வீணாய்ப் போனதையும் என்னால் முடிந்தவரை வரிசை மாறாமல் எழுதிவைக்கிறேன்.

அத்தான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் எடிட்டர். ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போகும் ஒற்றை அறை அவருடைய ஸ்டுடியோ. எர்ணாகுளத்தில் நான் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த கப்பல் ஏஜென்சி அலுவலகம் அந்த ஆண்டு மூடப்பட்டது. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவருடன் வந்து இருந்தேன். எல்லாவற்றுக்கும் தேதி போட்டு எழுதும் என் பழக்கம் அவருக்கு வேடிக்கை. “எங்க மச்சான் இருக்கற வரைக்கும் சித்திரகுப்தன் லீவுல போலாம்” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். சொன்னாலும், எந்தக் கல்யாணம் எந்த டேப்பில் இருக்கிறது என்று அவர் கேட்டது என்னைத்தான்.

அந்த ஆண்டுதான் எர்ணாகுளத்து இளைஞர் ஒருவர் தன் முதல் படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார். படச்சுருள் இல்லை. சென்னையிலிருந்து வாடகைக்கு வந்த டிஜிட்டல் சினிமா கேமரா. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கார்டில் சில நிமிடப் படம்தான் பதியும். பிறகு அதைக் கணினியில் இறக்கிக் கார்டைக் காலிசெய்து திருப்பித் தரவேண்டும். எங்களிடம் இருந்தது கல்யாண வேலைக்கு வாங்கிய விண்டோஸ் கணினி. அந்தக் கோப்புகளை நேராகத் திறந்தால் படம் ஓடாது, தவழும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நகல் செய்து, நகலை வைத்து வெட்டி, எல்லாம் முடிந்தபின் நகலின் இடத்தில் மூலக் கோப்பைப் பொருத்தவேண்டும். நகல் செய்யும் வேலை என்னுடையது. நானூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். கேமரா தன் கோப்புகளுக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட பெயர் வைத்திருந்தது, படிக்கச் சகிக்கவில்லை. நகல்களுக்கெல்லாம் காட்சி எண்ணைப் பெயராக மாற்றி, கணினியில் ஒரே கோப்புறையில் அழகாக அடுக்கினேன். அத்தான் பார்த்துவிட்டு, நூலகத்தில் உட்கார வேண்டிய ஆள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்ட ஆரம்பிக்கும் முன் எடுத்த படம் முழுவதையும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்ப்பார். “சத்தம் கேட்டா கண்ணு சோம்பேறி ஆயிரும்” என்பார். கல்யாண வீடியோவிலும் அப்படித்தான். நாதஸ்வரம் இல்லாமல், பேச்சு இல்லாமல், வாய்கள் மட்டும் அசையும் கூட்டத்தை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். மாமியார் முகம் எந்த இடத்தில் மாறியது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

படத்தின் பெரும்பகுதி யூதர் குடியிருப்பான ஜூ டவுனுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பழைய மசாலாக் கிடங்கில் எடுக்கப்பட்டது. படத்துக்காகப் போட்ட அரங்கம் அல்ல அது. வேலை நடந்துகொண்டிருந்த இடம். வெட்டுக்கல் சுவர், ஓட்டுக் கூரை. சுவரோரம் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கு புடைப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் சாக்கு தைப்பார். மழைக்கு முன், மே மாதத்தில், ஒருமுறை எடுத்தார்கள். விட்டுப்போனவற்றை ஜூலை தொடக்கத்தில் மறுபடி எடுத்தார்கள். இரண்டு முறையும் யாரும் இல்லாத வெறும் சுவரைத் தனியாகச் சில விநாடிகள் எடுத்திருந்தார்கள். சின்னத் துண்டு என்பதால் தேதி எழுதிய கிளாப் பலகை காட்டவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அத்தான் அந்த இரண்டு துண்டுகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில், கூரையிலிருந்து கீழே இறங்கும் தலைமுடி போன்ற ஒரு கோடு. மற்றதில் அதே இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு கறுப்புப் பிளவு. முதலில் அது எங்களுக்கு வெட்டுப் பிரச்சினையாகத்தான் பட்டது. இரண்டையும் ஒரே காட்சியில் சேர்த்தால் பார்ப்பவன் கண்டுபிடிப்பான். இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு எனக்கே கேட்டது. “சேட்டா, மதில் காணான் ஆரும் டிக்கெட் எடுக்கில்லா.” சுவரைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள் என்கிறார். மழைக்கு முன் கிடங்கு முதலாளி விரிசலைச் சுண்ணாம்பு வைத்து அடைக்கப் போவதாகச் சொன்னதாகவும் போகிற போக்கில் சொன்னார்.

தொலைபேசியை வைத்தபின் அத்தான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் குறிப்பேட்டை இழுத்து அந்தக் கேள்வியை எழுதினார். வாயால் கேட்டிருக்கலாம், ஒலி இல்லாமல் பார்க்கும்போது பேசமாட்டார். பிறகு படத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கோடு முன்னாடி, பிளவு பின்னாடின்னா, நாளைக்குக் காலைல நான் அங்க போய் அந்தச் சேச்சிமாரை எழுப்பி வெளிய உக்காத்தணும். மறுதலைன்னா வேல மிச்சம்.”

நான் கோப்புறையைத் திறந்து, தேதி என்று மேலே எழுதியிருந்த பத்தியை அழுத்தினேன். விண்டோஸ் நானூறு துண்டுகளையும் ஒரு நொடியில் வரிசைப்படுத்திக் கொடுத்தது. அகலப் பிளவு முந்தைய தேதி. மெல்லிய கோடு ஐந்து நாள் பிந்தையது. அப்படியானால் அடைத்திருக்கிறார்கள், இயக்குநர் சொன்னதும் பொருந்துகிறது. அத்தான் மட்டும் திரையில் விரலை வைத்தார். “சுண்ணாம்பு வச்சா அந்த இடம் வெளுக்கணுமே மச்சான். நிறம் மாறலியே.” அவர் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. நான்தான், “மெஷின் போட்ட தேதி அத்தான், அது பொய் சொல்லாது” என்றேன். “செரி. தேதி உன் டிபார்ட்மெண்ட்” என்று சொல்லிவிட்டுச் சாயா வாங்கிவரச் சொன்னார்.

நான் பார்த்தது படம் எடுத்த தேதி அல்ல. நான் நகல் செய்த தேதி. ஜூலையில் எடுத்ததை இயக்குநர் அவசரமாகப் பார்க்கக் கேட்டதால் அதை முதலில் நகல் செய்தேன். மே மாதத் துண்டுகளைப் பிறகு, அதே வாரக் கடைசியில் செய்தேன். இது என் குறிப்பேட்டிலேயே நான்கு பக்கம் முன்னால், என் கையெழுத்தில் இருந்தது. ஐந்து நாள் இடைவெளி என்பதே இடித்திருக்க வேண்டும். இரண்டு படப்பிடிப்புக்கும் நடுவே ஒரு மாதத்துக்கும் மேல் ஆகியிருந்தது. நான் பக்கத்தைப் புரட்டவில்லை. வேறு யாரும் அந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். குறிப்பே எழுதாதவன் கிடங்குக்கு நடந்து போய்ப் பார்த்திருப்பான்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் விடாத மழை. குறிப்பேட்டில் அந்த மூன்று நாளுக்கும் மழை என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. வேலை நன்றாக நடந்தது. அத்தான் இடையிடையே மெல்லிய கோட்டை மட்டும் எடுத்துப் பார்ப்பார். வியாழக்கிழமை காலை, வெட்டி முடித்த முதல் பகுதியில் மூலக் கோப்புகளைப் பொருத்த உட்கார்ந்தோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. நான் பெயரை மாற்றியிருந்ததால் எந்த நகலுக்கு எது மூலம் என்று கணினிக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும். நான் மூலக் கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக வாசிக்க, அவர் படத்தோடு ஒப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு துண்டுக்குப் பிறகுதான் அந்த நீண்ட பெயரின் கடைசியில் நான்கு இலக்கங்கள் படம் எடுத்த மாதமும் நாளும் என்பது எனக்குப் பிடிபட்டது. சுவரின் முறை வந்தது. மெல்லிய கோடு: பூஜ்ஜியம் ஐந்து. மே. அகலப் பிளவு: பூஜ்ஜியம் ஏழு.

நான் வாசித்து முடிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. சென்னைக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய வன்தட்டில் கோப்புகள் நகலாகிக்கொண்டிருந்தன. “கம்ப்யூட்டரை அணைச்சிராத. நான் போயிட்டு வரேன்” என்றார். குடை எடுக்கவில்லை. படியில் அவர் கால் சத்தமும், கீழே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தமும் கேட்டன. மணி பத்து நாற்பது. அதை மட்டும் எழுதிவைத்தேன். நகல் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் என்று திரையில் இருந்தது. சற்று நேரத்தில் பத்தொன்பது என்றது. பிறகு முப்பத்தொன்று. நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சுவர் பதினொரு மணியளவில் விழுந்தது என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. ஸ்டுடியோவிலிருந்து கிடங்குக்குச் சைக்கிளில் எட்டு நிமிடம், மழையில் பத்து. சுக்கு புடைக்கும் பெண்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை. எல்லோரும் சாலையின் எதிர்ப்புறம் ஒரு கூரைக்குக் கீழே நின்றிருந்தார்கள். சாக்கு தைக்கும் பெரியவர் மட்டும் உள்ளே இருந்தார். அவர் உடலைப் பிற்பகலில்தான் எடுக்க முடிந்தது. அத்தான் ஒரு மணிக்கு மேல் திரும்பி வந்தார். சட்டை முழுக்கச் செம்மண் நிறத்தில் ஈரம். வன்தட்டு முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அங்கே என்ன நடந்தது என்று கேட்டதற்கு, “மழை மச்சான். ஒண்ணும் கண்டில்ல” என்றார். படத்தை முடித்துக் கொடுத்தார். இறுதி வடிவத்தில் அந்தச் சுவர் இரண்டு விதமாகவும் இல்லை, எடுத்துவிட்டிருந்தார்.

2016-இல் அவர் காலமான பிறகுதான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். அக்காவிடம் அவர் எதுவும் சொன்னதில்லை. அந்தப் பெண்களில் மூவரைக் கண்டுபிடித்தேன். நனைந்த சட்டையோடு ஓர் ஆள் வாசலில் நின்று கத்தியது நினைவிருக்கிறது என்றார் ஒருவர், முகம் நினைவில்லை. “சாயா குடிக்கான் இறங்கியதா மோனே, எந்நும் அந்த நேரம்தன்னெ” என்றார் இன்னொருவர். எப்போதும் அந்த நேரத்துக்குத்தான் சாயா குடிக்க இறங்குவார்களாம். மூன்றாமவர் கூரையிலிருந்து மண் உதிர்ந்ததைப் பார்த்துத் தாங்களே ஓடியதாகச் சொன்னார். சாக்கு தைத்த பெரியவருக்குக் காது முற்றிலும் கேட்காது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள். அவருக்குச் சாயா உள்ளேயே வந்துவிடும் என்றும் சொன்னார்கள். ஆகவே அவர் ஒருவர் மட்டும் உள்ளே இருந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வர வழியில்லை. அத்தான் பதினொரு மணிக்கு முன் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தாரா, குரல் கொடுத்தது அவர்தானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.